கேள்வி கேக்காத மொதலாளி

உக்காருங்கக்கா. கட்டில்லயே உக்காருங்க, அந்தச் சேரு ஒரு காலு ஆடும். பாப்பா இப்பத்தான் தூங்குச்சு, அதனால மெதுவாப் பேசறேன். நான் எப்பவுமே மெதுவாத்தான் பேசுவேன். கேக்கலைன்னா சொல்லுங்க, கிட்ட வந்துக்கறேன்.

மொதலாளியம்மா காத்தாலயே சொல்லிட்டாங்க. "எடப்பாடிப் பக்கமிருந்து ஒரு அம்மா வருவாங்க வெண்ணிலா. அவங்க பையன் டிரைவர் பள்ளிக்கூடத்துல படிச்சு முடிச்சு ஹெவி லைசென்சு எடுத்துட்டானாம். நம்ம வண்டிக்கு அனுப்பலாமா வேண்டாமான்னு உங்கிட்ட விசாரிக்கணுமாம். உள்ளத உள்ளபடி சொல்லு, அது போதும்"னாங்க. எனக்குத்தான் பேச வராதேங்கன்னேன். "பேச வராதவ பேசுனாத்தான் நம்புவாங்க"ன்னு சிரிச்சாங்க.

நீங்க விசாரிக்கறது நல்லதுதாங்க. ஒரு பொண்ணக் குடுக்கறோம்னா நாலு எடத்துல கேக்கறோமில்ல. பையன லாரிக்கு அனுப்பறதும் அப்படித்தான். மொத எசமான் எப்படியோ அப்படித்தான் அப்பறம் எல்லாமேன்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லுவாங்களாம். எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு.

நான் ஒளிக்காமச் சொல்லிடறேன். உங்க பையன் இங்க வந்தா எனக்கும் ஒரு காரியம் ஆகும். எங்கூட்டுக்காரரு ஜெயில்ல இருக்காரு. கேள்விப்பட்டிருப்பீங்க. மொதலாளிகிட்ட ரெண்டு லாரி. ஒண்ணு ஆந்திராவுல போலீஸ் ஸ்டேசன் வாசல்ல நிக்குது. இன்னொண்ணு இந்தா, சன்னல் வழியாப் பாருங்க, வேப்பமரத்தடியில. அது ஓடுனாத்தான் நல்ல வக்கீலா வெச்சு அவர வெளிய எடுக்க முடியும்னு மொதலாளி சொல்லிட்டாரு. அது ஓடணும்னா ஒரு லைசென்சு வேணும். உங்க பையன்கிட்ட இருக்குது. அவ்வளவுதாங்க விசயம்.

அதுக்காக நான் பொய் சொல்லுவேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்குப் பொய் சொன்னா கை நடுங்கும். இப்ப நடுங்குதா பாருங்க.

டீ எடுத்துக்குங்க. பாலு நான் கறந்ததுதான்.

எங்கூட்டுக்காரரு பேரு மாதேஸ்வரன். மேட்டூருக்கு அந்தாண்ட, கொளத்தூர்ப் பக்கம். கல்லு ஒடைக்கற குவாரியில டிராக்டர் ஓட்டிக்கிட்டிருந்தாரு. தூசியில நெஞ்சு கெட்டுப் போயிருமுன்னு லாரிக்கு மாறணும்னாரு. என் தோடு, கொலுசு எல்லாம் வித்துத்தான் பள்ளிக்கூடத்துல சேந்தாரு. அங்க அவருக்கு நல்ல பேருங்க. வண்டிய ரிவர்சு எடுத்துக் கோட்டுக்குள்ள விடறதுல அவர மிஞ்ச ஆளில்லைன்னு கூடப் படிச்ச பசங்க எல்லாம் சொல்லுவாங்க. வூட்டுக்கு வந்தாக்கூட பாப்பாவத் தூக்கி வெச்சுக்கிட்டு, "லெப்டுல ஒடி, லெப்டுல ஒடி, நேரா வா"ன்னு அதோட கையத் திருப்பிக்கிட்டு இருப்பாரு. அது சிரிக்கும்.

படிச்சு முடிச்சதும் ரெண்டு எடம் வந்துச்சு. ஒண்ணு சிமெண்டு ஏத்தற பெரிய கம்பெனி. பேரு வேண்டாம். நூறு வண்டிக்கு மேல ஓடுதாம். இன்னொண்ணு நம்ம மொதலாளி, செங்கோட்டுவேலு.

அவருக்குக் கம்பெனிதான் புடிச்சுது. நான்தான் வேண்டாம்னேன். ஏன் வேண்டாம்னேன்னு கேளுங்க.

கம்பெனியில ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க. புது டிரைவரா சேரறவங்க சம்சாரத்தையும் வரச்சொல்லுவாங்க. ஒரு பெரிய ஹாலு, ஃபேனு, வரிசையாச் சேரு. எங்கள மாதிரி கொஞ்சம் பொம்பளைங்க கொழந்தைங்களோட உக்காந்திருந்தாங்க. ஒரு மேடம் வந்தாங்க, என்னைவிட ரெண்டு மூணு வயசு மூத்தவங்களா இருக்கும். கையில மைக்கு. ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் பேரு சொல்லணுமாம், அப்பறம் கேள்வி. "உங்க கணவர் எவ்வளவு நேரம் தூங்குவாரு? வண்டி ஓட்டறப்ப நீங்க போன் பண்ணுவீங்களா? முடியலைன்னு அவரு சொன்னா, வண்டிய ஓரங்கட்டிட்டுப் படுங்கன்னு சொல்லுவீங்களா, எப்படியாச்சும் சீக்கிரம் வந்துருங்கன்னு சொல்லுவீங்களா?"

இதெல்லாம் புருசன் பொண்டாட்டி பேசிக்கறதுங்க. நாலு பேரு முன்னாடி மைக்குல கேக்கறதா.

என் மொறை வந்துச்சு. எந்திரிச்சேன். மைக்க வாய்கிட்ட கொண்டாந்தாங்க. எனக்கு எம் பேரே வரல. என் மூச்சுத்தான் ஹாலு பூரா கேக்குது, புஸ்ஸு புஸ்ஸுன்னு. பின்னால ஒரு பொம்பள, "பேரு மறந்துட்டா புருசனக் கேளு கண்ணு"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. பாப்பா பயந்து அழ ஆரம்பிச்சுது. நானும் அழுதுட்டேன். அந்த மேடம் ஒண்ணும் திட்டலைங்க. "பரவால்லமா, அடுத்த மாசம் சொல்லிக்கலாம்"னாங்க. மாசாமாசம் வரணுமாம்.

அதோட விட்டாங்களா. இவரு கண்ணப் பரிசோதிச்சாங்க. ஹெவி லைசென்சு கையில வெச்சிருக்கறவரு கண்ண மறுபடியும் பரிசோதிக்கறாங்க. கண்ணு தெரியாதவனுக்கா கவர்மெண்டு லைசென்சு குடுக்கும்? அப்பறம் ஆறு மாசத்துக்குத் தனியா வண்டி தரமாட்டாங்களாம். ஒரு பெரிய டிரைவர் பக்கத்துல உக்காந்துக்குவாராம், இவரு ஓட்டணுமாம். தப்புப் பண்ணுனா அவரு எழுதிக் குடுப்பாராம்.

வர்ற வழியில பஸ்ஸுல சொல்லிட்டேன். "அந்தக் கம்பெனிக்கு நீங்க போறதுன்னா போங்க. நான் இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"அவங்க அக்கறையிலதான் புள்ள கேக்கறாங்க"ன்னாரு.

"என்ன அக்கற. நம்பிக்கை இருக்கறவங்க எதுக்கு நோண்டி நோண்டிக் கேக்கறாங்க?"

அவரு சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு வந்தாரு.

அந்த வாரமே நம்ம மொதலாளி வந்தாருங்க. எங்கள அவரு எடத்துக்குக் கூப்புடல, பாருங்க. அவரே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல நாங்க இருந்த வாடகை ரூமத் தேடிக்கிட்டு வந்தாரு. பள்ளிக்கூடத்துல யாரோ சொல்லி அட்ரசு வாங்கினாராம். தட்டத்துல வாழப்பழம், வெத்தல பாக்கு, பாப்பாவுக்கு ஒரு கவுனு. பொண்ணு பாக்க வர்றாப்பல. எங்க ரூமுல சேரு கெடையாது. தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. வெள்ள வேட்டி அழுக்காயிரும்னுகூட நெனைக்கல. "தண்ணி குடு அம்மிணி"ன்னாரு. சொம்புல குடுத்தேன். அண்ணாந்து குடிச்சாரு.

ஒரு கேள்வி கேக்கலைங்க. எங்க வேல பாத்தே, எத்தன வருசம் ஓட்டுனே, தண்ணி அடிப்பியா, ஒண்ணுமில்ல. "லைசென்சக் காட்டு மாப்ளே"ன்னாரு. மாப்ளேன்னுதான் கூப்புட்டாரு, மொத வார்த்தையே. கண்ணாடி எடுத்துப் போட்டுக்கிட்டு முன்னால பாத்தாரு, பின்னால பாத்தாரு, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்தாரு. "சுத்தமா இருக்குது. ஒரு கேசு கெடையாது, ஒரு பைன் கெடையாது. பச்சப்புள்ள மாதிரி இருக்குது"ன்னாரு. எனக்கு அவ்வளவு பெருமையாப் போச்சு. எங்க வூட்டுக்காரர அது வரைக்கும் எந்த மொதலாளியும் அப்படிப் பாராட்டுனதில்ல.

"வண்டி ஓட்டிக் காட்டட்டுங்களா?"ன்னு இவரு கேட்டாரு.

"அது எதுக்கு மாப்ளே. எங்கிட்ட அர்த்தநாரி இருக்கான். முப்பது வருசமா ஓட்டறவன். நீ பக்கத்துல உக்காந்து வந்தாப் போதும், தானா வந்துரும்"னாரு.

பாருங்க வித்தியாசத்த. கம்பெனியில பெரிய டிரைவர் பக்கத்துல உக்காந்துக்குவாரு, இவரு ஓட்டணும். இங்க பெரிய டிரைவர் ஓட்டுவாரு, இவரு உக்காந்துக்கலாம். எது சொகம்? நீங்களே சொல்லுங்க.

வூடும் தர்றேன்னாரு. இதே வூடுதான். தண்ணிக் கொழா, கக்கூசு, எல்லாம் உள்ளயே. வாடகை கெடையாது. பள்ளிக்கூடத்து ரூமுல நான் விடியறதுக்குள்ள காட்டுக்குப் போயிட்டு வருவேங்கக்கா. ஒரு பொம்பளைக்கு அது என்ன கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். கக்கூசுக்குன்னு ஒரு கதவு இருக்குதுன்னு கேட்டதுமே எனக்கு முடிவாயிருச்சு.

ஆனா இவரு மசியல. "ஓட்டாத டிரைவருக்கு ஏன் புள்ள சம்பளம் தர்றான்?"னு அதையே சுத்திச் சுத்திக் கேட்டாரு. சரி, நீயும் வேண்டாம் நானும் வேண்டாம், ஆத்தாவக் கேட்டுருவோம்னேன். எங்க ஊரு மாரியாத்தா கோயில்ல பூ கேப்பாங்க. உங்க பக்கமும் உண்டுல்ல? வெள்ளப்பூ ஒரு பொட்டலம், செவப்புப்பூ ஒரு பொட்டலம், எலையில மடிச்சு சாமி காலடியில போட்டு ஒரு கொழந்தைய எடுக்கச் சொல்லறது. செங்கோட்டுவேலுகிட்ட போலாமா தாயேன்னு கேட்டோம். வெள்ள வந்தாப் போலாம், செவப்பு வந்தா வேண்டாம்.

செவப்பு வந்துச்சுங்க.

பூ எடுத்த பையன் குளிக்காம வந்திருந்தான். மூக்கு வேற ஒழுகிட்டிருந்துச்சு. அது எப்படிச் செல்லும்? மறுபடி போடச் சொன்னேன். ஒரு பொண்ணு வந்து எடுத்தா. அதும் செவப்பு. பூசாரி, "ஆத்தா ரெண்டு தடவ சொல்லிட்டாம்மா. மறுபடி மறுபடி கேக்கறது மொறையில்ல"ன்னாரு. அன்னைக்குக் கூட்டம் வேற, ஒரே சத்தம், ஆத்தாளுக்கு என்னத்தக் கேட்டிருக்கும். அடுத்த வெள்ளிக்கெழம கூட்டமில்லாத நேரமாப் பாத்துப் போனோம். பாப்பாவக் குளிப்பாட்டி, தல சீவி, பொட்டு வெச்சு, அவ கையாலயே எடுக்கச் சொன்னேன். மூணு வயசு ஆகல, அதுக்கு என்ன சூது தெரியும். வெள்ள வந்துச்சுங்க. மல்லிப்பூவாட்டம் வெள்ளை. அதுக்கப்பறம் எனக்குச் சந்தேகமே இல்ல.

வெளிய வந்து செருப்புப் போடறப்ப இவரு சொல்றாரு, "சாமியக்கூட விடாமக் கேட்டு ஒத்துக்க வெச்சுட்டியே புள்ள. உன்னையா பேசத் தெரியாதவங்கறாங்க"ன்னு. சிரிச்சுட்டுத்தான் சொன்னாரு. ஆனா அதுக்கப்பறம் கம்பெனியப் பத்திப் பேசல.

வந்து சேந்தோம். மொத நாளே மொதலாளி லைசென்ச வாங்கி அவங்கூட்டுப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு. பத்திரமா இருக்கட்டும்னுதான். வண்டி கெளம்பறப்ப குடுப்பாரு, வந்ததும் வாங்கி வெச்சுக்குவாரு. அவங்க நகையெல்லாம் இருக்கற பீரோங்க அது.

எனக்கு வாடகை குடுக்காம இருக்கறது கூச்சமா இருந்துச்சு. நானே போயி மாடு கறப்பேன், சாணி அள்ளுவேன், துணி தொவப்பேன், பாத்தரம் வெளக்குவேன். அவங்க கேக்கல, நானாத்தான். ஒரு நாளைக்குக் காச்சல்ல போகல, அன்னைக்கு மட்டும் மொதலாளியம்மா வந்து, "என்ன கண்ணு ஆளக் காணோம்"னு வாசல்ல நின்னு விசாரிச்சாங்க. அவ்வளவு பாசம். போயிப் பாத்தரத்த வெளக்கிட்டு வந்துதான் படுத்தேன்.

அர்த்தநாரி அண்ணன் நல்ல மனுசனுங்க. மொதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். இந்த ரோட்டுல அவருக்குத் தெரியாத மேடு பள்ளம் கெடையாது. என்னன்னா, சக்கர வியாதி வந்து கண்ணப் புடிச்சுருச்சு. லைசென்சு புதுப்பிக்கப் போனப்ப டாக்டர் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாராம். அதுக்காக முப்பது வருசத்துத் தொழில விட முடியுமா. பழக்கத்துல ஓட்டுவாரு. வழியில போலீசு கீலீசு நிறுத்துனா இவரு லைசென்சக் காட்டணும், அவ்வளவுதான். அவரு கை, இவரு லைசென்சு. ரெண்டும் சேந்து ஒரு டிரைவருன்னு மொதலாளி தமாசாச் சொல்லுவாரு.

உங்க பையன் கண்ணு நல்லாத்தான இருக்குது? நல்லது. அர்த்தநாரி அண்ணனுக்குத் தொணையா இருக்கும்.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க. டீ ஆறுது.

எங்க வூட்டுக்காரருக்குத்தான் பொறுமை இல்ல. ஒவ்வொரு ட்ரிப்பு வந்ததும் அதே புலம்பல். "காலி வண்டிய டீசல் பங்குக்கும் வண்டி நிறுத்தற செட்டுக்கும் ஓட்டறதத் தவிர எனக்கு ஸ்டீரிங்கே வர்றதில்ல புள்ள. கை மறந்து போயிரும். அவருக்கு எதுக்கால வர்ற வண்டி தெரியறதில்ல. நான்தான் 'ஆளு, ஆளு', 'மாடு, மாடு'ன்னு கத்திக்கிட்டே வர்றேன். தொண்டையே கட்டிக்கிச்சு"ம்பாரு. உக்காந்து சம்பளம் வாங்கறதுக்கு ஒடம்பு வலிக்குதான்னு நான் கேப்பேன். வையறதில்லைங்க, சும்மா கேப்பேன்.

ஒரு நாள் அவங்கூட்டு வாசல்ல போயி நின்னு லைசென்சக் கேட்டாரு. கம்பெனியில மறுபடி ஆள் எடுக்கறாங்களாம், போகலாம்னு இருக்கேன்னு. எனக்கு ஒடம்பே கூசிப் போச்சு. சோறு போட்ட வாசல்ல நின்னு அப்படியா கேக்கறது. மொதலாளி கோவிச்சுக்கவே இல்ல. "தாராளமாப் போ மாப்ளே. மஞ்ச லோடு ஒண்ணு ஒத்துக்கிட்டேன், இந்த ஒரு ட்ரிப்பு போயிட்டு வந்து வாங்கிக்க"ன்னாரு.

அந்த ட்ரிப்புதாங்க.

ஆந்திராவுல ஏதோ ஒரு ஊரு, பேரு என் வாயில வராது. சாயங்காலம். மேக்கால பாத்துப் போற ரோடு, சூரியன் நேரா கண்ணாடியில அடிக்குது. மொளகா பறிச்சுட்டுப் பொம்பளைங்க ஒரு ஆட்டோவுல வந்திருக்காங்க. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால வெளிய தொங்கப் போட்டுக்கிட்டு, கூட்டமா. இவரு தூரத்துலயே பாத்துட்டாரு. "ஆட்டோ, ஆட்டோ"ன்னு கத்தியிருக்காரு. அர்த்தநாரி அண்ணன், "எங்கடா?"ன்னு கேட்டாராம்.

எங்கடான்னு கேட்டிருக்காரு.

எத்தன பேருன்னு நான் கேட்டுக்கலைங்க. ஒரு பொம்பளைக்குப் பால்குடி மறக்காத கொழந்தை வூட்டுல இருந்துச்சாம். அத மட்டும் இவரு பின்னால போன்ல எங்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம். நான் அத நெனைக்கறதில்ல. பாப்பாவுக்குச் சோறு ஊட்டறப்ப மட்டும் எப்பவாச்சும் வரும்.

அர்த்தநாரி அண்ணன் நிறுத்தல. பயந்துட்டாரு. நிறுத்துனா அடிச்சே கொன்னுருவாங்கன்னு ஓட்டிக்கிட்டே போயி, ரொம்பத் தூரம் தள்ளி ஒரு புளியமரத்தடியில நிறுத்தி மொதலாளிக்குப் போன் பண்ணியிருக்காங்க. மொதலாளி, அர்த்தநாரிய பஸ் ஏறி வரச்சொல்லிட்டாரு. மாதேஸ்வரன் ஸ்டீரிங்ல உக்காரணும். போலீசு வந்தா நான்தான் ஓட்டுனேன்னு சொல்லணும். லைசென்சு இருக்கறவன் ஓட்டுனா அது விபத்து, ரெண்டு நாள்ல வெளிய வந்துரலாம். லைசென்சு இல்லாதவன் ஓட்டுனதுன்னா இன்சூரன்சு இல்ல, வண்டி போச்சு, எல்லாம் போச்சு. அப்படிச் சொன்னாராம்.

நான் அப்ப மொதலாளியம்மா சமையக்கட்டுல தேங்கா துருவிக்கிட்டு இருந்தேன். அவங்க போனக் கொண்டாந்து என் காதுல வெச்சாங்க. "உம் புருசன் உங்கிட்ட பேசணுமாம்"னாங்க. அவரு மூச்சு வாங்குது. ஓடி வந்தவராட்டம். "புள்ள, நான் ஓட்டல. என்னை உக்காரச் சொல்றாங்க. என்ன பண்ணட்டும், நீ சொல்லு"ன்னாரு.

எந்த விசயத்துக்கும் என்னை இப்படிக் கேட்டதில்லைங்க அவரு. நீ சொல்லுன்னு.

எனக்கு என்ன தெரியும். மொதலாளியம்மா என் தலைய மெதுவாத் தடவிக்கிட்டே நின்னாங்க. எங்கம்மா செத்ததுக்கப்பறம் யாரும் என் தலையத் தடவுனதில்ல. "மொதலாளி சொல்றதக் கேளுங்க. அவரு பாத்துக்குவாரு"ன்னேன்.

"சரி"ன்னாரு. வண்டிக் கதவு தொறக்கற சத்தம் கேட்டுச்சு. பெரிய கதவுங்க, டொப்புன்னு கேட்டுச்சு. மேல ஏறிட்டாரு.

அதுதாங்க மொத மொறை, லோடு வண்டியில அவரு டிரைவர் சீட்டுல உக்காந்தது.

ரெண்டு நாள்ல வரல. நிறுத்தாமப் போனதால பெரிய செக்சனாப் போட்டுட்டாங்களாம். ஜாமீனுக்கு அந்த ஊருக்காரங்கதான் கையெழுத்துப் போடணுமாம். கொன்னவனுக்கு அந்த ஊருல எவன் போடுவான். மொதலாளி வெச்ச வக்கீலு ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைங்கறாரு. இவருக்குத் தெலுங்கு தெரியாது. ஜட்ஜு என்ன கேட்டாலும் தலைய ஆட்டிட்டு வந்துருவாராம். நான் போயிப் பாக்கல. மொழி தெரியாத ஊருக்குக் கொழந்தையத் தூக்கிக்கிட்டு எப்படிப் போறது. மொதலாளியும் நீ வந்தா அழுது காரியத்தக் கெடுத்துருவேன்னுட்டாரு.

ஆனா வாரம் ஒரு தடவ போன் வரும். ஜெயில்ல ஒரு நம்பருதான் எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. என் போனு ரிப்பேரு, அதனால மொதலாளியம்மா அவங்க நம்பரையே குடுத்துட்டாங்க. நான் காதுல வெச்சுக்க வேண்டியதில்லாம ஸ்பீக்கர்ல போட்டுருவாங்க. மொதலாளி ஊஞ்சல்ல உக்காந்திருப்பாரு. நான் கீழ உக்காந்துக்குவேன். இவரு, "பாப்பா என்ன பண்ணுது"ம்பாரு. நல்லா இருக்குதும்பேன். "நீ?"ம்பாரு. நல்லா இருக்கேம்பேன். அவ்வளவுதான். அதுக்கு மேல பேச்சே வராது எனக்கு. முன்னெல்லாம் அவரு எவ்வளவு பேசுவாரு தெரியுங்களா.

ஒரு தடவ மட்டும், "நான் ஓட்டலைன்னு கோர்ட்டுல சொல்லிரட்டுமா?"ன்னு கேட்டாரு. ஊஞ்சல் நின்னுச்சு. எனக்குக் குப்புன்னு வேர்த்துப் போச்சு. அவங்க முன்னாலயே இப்படிக் கேக்கறாரேன்னு. "அப்படியெல்லாம் பேசாதீங்க. மொதலாளி மனசு சங்கடப்படும்"னேன். மொதலாளி மறுபடி ஊஞ்சல ஆட்டிக்கிட்டே, "அவன் பாவம், உள்ள இருக்கறவனுக்குப் புத்தி அப்படி இப்படித்தான் போகும். நாமதான் பொறுத்துக்கணும்"னாரு. எவ்வளவு பெரிய மனசு.

நீங்க இத வெளிய சொல்லிக்காதீங்கக்கா. உள்ளத உள்ளபடி சொல்லுன்னாங்க, சொல்லிட்டேன். இது சொல்லறதா சொல்லக் கூடாததான்னு எனக்குத் தெரியல.

அர்த்தநாரி அண்ணனா? இங்கதான் இருக்காரு. செட்டுலயே படுத்துக்கறாரு. தெனமும் காத்தால பாப்பாவுக்கு ஒரு பிஸ்கோத்துப் பொட்டலம் வாங்கிட்டு வந்து வாசப்படியில வெச்சுட்டுப் போயிருவாரு. எம் மூஞ்சியப் பாக்க மாட்டாரு. பாத்தாலும் தெரியாது, அது வேற விசயம். மொதலாளி அந்த வேப்பமரத்தடி வண்டிய அவர வெச்சுத்தான் ஓட்டப் போறாரு. உங்க பையன் பக்கத்துல உக்காந்து கொரல் குடுத்தாப் போதும். கொரலு நல்லா இருக்குமா அவனுக்கு?

போன வாரம் போன்ல இவருகிட்ட சொன்னேன். புதுசா ஒரு பையன் வர்றாப்பல இருக்குது, வண்டி ஓடும், நல்ல வக்கீலு வெச்சுருவாங்க, நீங்க வந்துரலாம்னு. சந்தோசப்படுவாருன்னு பாத்தா, "அந்தப் பையன வேண்டாம்னு சொல்லு"ன்னாரு. அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு. ஸ்பீக்கர அமுத்துறப்ப மொதலாளியம்மா வெரலு பட்டுருச்சாம்.

அவரு சொன்னத நான் சொல்லிட்டேன். ஒளிக்கல. ஆனா அவருக்கு என்ன தெரியும், உள்ள இருக்கறவருக்கு. வக்கீலு வெக்கறதுக்கு வண்டி ஓடணும்னு அவருக்கு வெளங்கல. அடுத்தவன் வந்தாத் தன்ன மறந்துருவாங்கன்னு பயம். அப்படித்தான் இருக்கும். மொதலாளியும் அப்படித்தான் சொன்னாரு.

எந்திரிச்சுட்டீங்களா. டீயே குடிக்கலையே.

கம்பெனியா? எந்தக் கம்பெனி, சிமெண்டுக் கம்பெனியா. அங்கயும் கூப்புட்டிருக்காங்களா உங்க பையன. அவங்க கேள்வி கேப்பாங்கக்கா. கண்ணக்கூடப் பாப்பாங்க. மைக்கு குடுப்பாங்க. உங்க மருமக கூச்சப்படாம பேசுவாளா? பேசுவாளா. அப்ப சரிங்க. பேசறவங்களுக்கு அது ஒத்து வரும்.

நீங்க மூணாவது ஆளுங்க. மொத ஒருத்தரு ஓமலூர்லருந்து வந்தாரு, தம்பிக்காக. அப்பறம் ஒரு புருசன் பொண்டாட்டி. எல்லாரையும் உக்காத்தி வெச்சு இதேதான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டிக் கொறைக்கல. வந்து சொல்றோம்னுட்டுப் போனாங்க, வரவே இல்ல. நான் என்னத்தத் தப்பாச் சொல்றேன்னு எனக்குத் தெரியல. மொதலாளியம்மா அதுக்கப்பறம் மொகம் கொடுத்துப் பேசல. "உனக்கு உம் புருசன் வெளிய வரணும்னு ஆச இருக்குதா இல்லையா?"ன்னு கேட்டாங்க. ராத்திரி பூரா அத நெனச்சுப் பாத்தேன். இருக்குதுங்க. அது இல்லாமயா.

அந்தப் பக்கம் போகாதீங்கக்கா. முன்வாசல் வழியாப் போனா அவங்க கூப்புட்டு உக்கார வெச்சு என்ன முடிவுன்னு கேப்பாங்க, உங்க மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்குவாங்க. இந்தா, மாட்டுக் கொட்டாயி பின்னால ஒரு சந்து இருக்குது. நேராப் போனா பஸ் ஸ்டாப்புதான். சாணி இருக்கும், பாத்துக் கால வெச்சுப் போங்க.

நான் அவங்ககிட்ட, நாள் பாத்துச் சொல்றேன்னுட்டுப் போனாங்கன்னு சொல்லிக்கறேன். ரெண்டு நாளைக்குத் தாங்கும். அதுக்குள்ள வேற யாராவது வருவாங்க. பள்ளிக்கூடத்துலருந்து பசங்க படிச்சு முடிச்சு வந்துக்கிட்டேதான இருக்காங்க.